கல் வைத்த குப்பை

எங்கள் கடற்கரையில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அதை நேராகச் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பக்கமிருந்து ஒரு வாடை வருது" என்பார்கள். மீனை முகர்ந்து வாங்கி, முகர்ந்து விற்றுப் பழகிய மூக்குகள் அல்லவா, மனிதர்களையும் அப்படியே முகர்ந்து பார்க்கும். நானும் அந்த மூக்கோடு பிறந்தவன்தான். கடலுக்குப் போகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத குடும்பம். ஆனால் எனக்குப் படகில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. அதனால் பஞ்சாயத்தில் சுகாதார மேஸ்திரி வேலை கிடைத்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். "கடத் தண்ணி ஒத்துக்கிடாதவனுக்குக் குப்பை ஒத்துக்கிடுது பாரு" என்று கடற்கரையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ராமேஸ்வரம் போகிற ரயில் இரண்டு நிமிஷம் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். அங்கே கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிப்பதற்கு ஒரே ஒரு ஊருணி. மழை பெய்தால் மேற்கே இருந்து வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் ஓடிவந்து நிரம்பும். அந்தத் தண்ணீரைத்தான் அடுத்த மழை வரைக்கும் ஊர் முழுக்கக் குடிக்க வேண்டும். இந்துவும் துலுக்கரும் நாங்களும் ஒரே படித்துறையில் குடம் முக்குவோம். சண்டையெல்லாம் படியேறி வந்த பிறகுதான்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் குப்பையை அவரவர் தெருமுனையில் கொட்டினார்கள். காற்று அதை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிடும். நான் வந்த பிறகு ஒரு ஏற்பாடு செய்தேன். பஞ்சாயத்து கூலிக்கு அமர்த்திய ஒற்றை மாட்டு வண்டி காலையில் ஒவ்வொரு தெருவாகப் போகும். வண்டிக்காரர் குரல் கொடுப்பார். வீட்டுக்காரர்கள் கூடையோடு வாசலுக்கு வந்து கொட்ட வேண்டும். ஊருக்கு வெளியே பனங்காட்டு ஓரத்தில் குழி வெட்டி உரக்கிடங்கு. ஒரு மாதத்தில் தெருமுனைகள் துடைத்துவிட்டாற்போல் ஆயின. எனக்கு நெஞ்சு ஒரு அங்குலம் பெருத்தது.

வண்டிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடலை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர்; நிலத்தில் பாடுபடுகிற சம்சாரி. இரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் நிலத்தைக் காயப்போட்டுவிட்டு, மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவர். அந்த ஒரு வேலையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. பேச்சு குறைவு. தெருவில் மட்டும் "குப்பேய்… குப்பேய்…" என்று நீட்டி இழுப்பார். "சாளை மீனு விக்கிறவ கெட்டா, அம்புட்டு ராகம்" என்பாள் என் மனைவி. அவள் கூடை சுமந்து மீன் விற்றவள், அவளுக்குக் கூவுகிறவர்களின் அருமை தெரியும்.

ஆனி மாதக் கடைசியில் ஊருணிக்கு மேற்கே, கரையின் வெளிச்சரிவில், ஒரு குப்பைமேடு தோன்றியது. முதலில் இரண்டு கூடை அளவு. ஒரு வாரத்தில் முழங்கால் உயரம். ஆடி முடிவதற்குள் என் இடுப்பைத் தொட்டது. அது இருந்த இடம் சாதாரண இடம் இல்லை. வரத்துக்கால் அங்கேதான் போகிறது. இரண்டு வருஷம் மழை குறைந்து, ஊருணிக்குள் நேராக விழுந்த தண்ணீரோடு சரி; கால் வழியே தண்ணீர் வராமல் மண் தூர்ந்து, பார்ப்பதற்கு வண்டித்தடம் போலக் கிடந்தது. மழை வந்தால் அந்தக் குப்பை முழுவதும் கரைந்து நேரே எங்கள் குடத்துக்குள் வரும். அதற்கு முந்தின வருஷம்தான் வாந்திபேதியில் எங்கள் தெருவில் இரண்டு சாவு.

எவன் கொட்டுகிறான்? நான் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் குப்பை விநோதமாக இருந்தது. சாம்பல், மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, உமி, சருகு. மேலே உடைமரத்து முள்ளை வெட்டிப் போட்டு மூடி, உச்சியில் தேங்காய்ப் பருமனில் ஒரு கல். கள்ளத்தனமாகக் கொட்டுகிறவன் எதற்கு முள் வெட்டி மூடுகிறான் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு: மறைக்கிறான், அதனால் மூடுகிறான்.

ரயிலடியில் காபி ஓட்டல் வைத்திருந்தவர் ஒரு நாள் என்னை உள்ளே அழைத்தார். ஏர்வாடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்கள் இறங்கி ஏறுகிற இடம், நல்ல கூட்டம். பேச்சில் பாயசம் வைக்கிற மனிதர்.

"மேஸ்திரி, உக்காருங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிறாதீக. வண்டி தெருவுலருந்து போகும்போது எப்புடிப் போகுது, கெடங்குக்குப் போய்ச் சேரும்போது எப்புடிப் போகுது, பாத்தீகளா?"

"என்ன சொல்றீக?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. மாடு கிழமாடு. கெடங்கு ஒரு மைலு. ஊருணிக்கரை வழியில கெடக்கு." காபியை ஆற்றி என் முன்னால் வைத்தார். "என் தங்கச்சி மவன் ஒருத்தன் இருக்கான், வண்டியும் மாடும் வச்சிருக்கான். அது கெடக்கட்டும்."

அந்தக் காபி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. நல்ல காபிதான். ஆனால் அதோடு உள்ளே போனது வேறு.

மறுநாளிலிருந்து நான் கிடங்கில் போய் நின்றேன். உண்மைதான். ஆரம்பத்தில் பக்கத் தட்டியைத் தாண்டி வழிய வந்த வண்டி இப்போது பாதிதான் வந்தது. வெறும் மீன் முள்ளும், ஓட்டல் எச்சில் இலையும், கந்தலும், உடைந்த சட்டியும். சாம்பல் எங்கே? சாணம் எங்கே? அதெல்லாம் ஊருணிக்கரையில் இருக்கிறது! எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனாலும் நான் அவரை நேராகக் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி நடந்தேன். அவர் மாட்டை நிறுத்தினால் நானும் சுவரோடு ஒட்டி நின்றேன். பீடி பற்றவைக்கக் குனிந்தால் ஏதோ செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். நாலு நாள் தொடர்ந்தேன். அவர் ஒரு கூடையைக்கூட வழியில் கவிழ்க்கவில்லை. அதையும் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? நான் பின்னால் வருவது இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! ஒரு முறை மூக்கில் வாடை ஏறிவிட்டால் மல்லிகைப் பூவும் நாறும்.

ஐந்தாம் நாள் ஊருணிக்கரையிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணே, இந்தக் குப்பையை அள்ளி வண்டியில போடுங்க. மழைக்கு முந்தி இது போகணும்."

அவர் மேட்டைப் பார்த்தார். உச்சியில் இருந்த கல்லைப் பார்த்தார். மண்வெட்டியை எடுக்கவில்லை.

"இது ஆளுள்ள குப்பை, மேஸ்திரி."

"எந்த ஆளு?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கு நீங்க எதுக்குக் காவல்?"

"கல்லு வச்சிருக்குல்ல?"

"கல்லு வச்சா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, எழுத்தே தெரியாத ஒருவனைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பார்ப்பது மாதிரி இருந்தது. "உங்க கடப்பக்கம் எப்புடியோ. எங்க பக்கம் கல்லு வச்சதைத் தொட மாட்டோம். வச்ச ஆளை வரச்சொல்லுங்க, அவுக கல்லை எடுக்கட்டும், நான் அள்ளிட்டுப் போறேன்."

"யாருன்னு தெரியாம நான் யாரை வரச்சொல்ல? நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியாதா, சொல்ல மாட்டீகளா?"

அவர் மாட்டின் திமிலைத் தடவிக் கொடுத்தார். அந்தத் தடவலில் எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. யாருக்கோ கையாளாக வேலை செய்கிறார். அதை மறைக்கத்தான் இந்தக் கல் கதை என்று நினைத்தேன்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் வியாபாரி; நெல்லும் உப்பும் தவிர வேறு எதிலும் அதிக நேரம் செலவழிக்க மாட்டார். "ஏப்பா மேஸ்திரி, மழைக்கு முன்னால ஒண்ணு அந்தக் குப்பை போகணும், இல்லாட்டி வண்டிக்காரன் போகணும். அள்ளச் சொன்னா அள்ள மாட்டேங்கிறவன் எதுக்கு? திங்கக்கிழமை வேற வண்டி பாரு. ஓட்டல்காரர்கூட ஒரு ஆளு சொன்னாரு."

ஓட்டல்காரர் என்னிடம் சொன்னதோடு நிற்காமல் தலைவரிடமும் சொல்லியிருக்கிறார். அப்போதாவது என் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டாமா? திரும்பவில்லை. சனிக்கிழமை காலை நான் வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். "இன்னைக்குத் தெரு மிச்சமிருக்கு, முடிச்சுட்டுப் போறேன்." முடித்துவிட்டுத்தான் போனார். கிடங்கில் வண்டியைக் கவிழ்த்து, தட்டியைத் தட்டி, மண்வெட்டியைக் கழுவி என் காலடியில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. கீழேதான் வைத்தார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பும் கீரைக் கடைசலும். நான் நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. மனைவி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"சேசுவே! அந்த மனுசனையா நிறுத்துனீக?"

"பின்னே? கல்லு வச்சிருக்காம், தொட மாட்டாராம். கதை."

"ஏங்க, நம்ம மரம் எங்கன கெடக்கு?"

ஆடியில் ஒரு மரம் எங்கள் கரையில் ஒதுங்கியிருந்தது. எந்தக் கப்பலிலிருந்து விழுந்ததோ, நல்ல கனத்த மரம். முதலில் பார்த்தவன் நான். தச்சனுக்கு ஆள் அனுப்புகிற வரைக்கும் என்று பழைய வலைக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"கரையிலதான் கெடக்கு. அதுக்கென்ன?"

"எவனாவது தூக்கிட்டுப் போனானா?"

"எப்புடித் தூக்குவான்? கயிறு…"

அந்த வார்த்தை பாதியில் நின்றது. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கயிறு சுற்றிய மரத்தை எங்கள் கரையில் கள்ளன்கூடத் தொடமாட்டான். யார் சுற்றியது என்று கேட்கவும் மாட்டான். தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சம்சாரி சொன்னது அதைத்தானே? நான் முடிச்சு தெரிந்தவன், கல் தெரியாதவன்.

"சரி, கல்லு அப்புடியே இருக்கட்டும்" என்றேன், தோற்க மனமில்லாமல். "வண்டி பாதிதானே வருது? சாம்பல் எங்க போச்சு? அதுக்குச் சொல்லு."

மனைவி அகப்பையால் என் இலையைக் காட்டினாள். "இந்தா, நீங்க திங்கிற கீரையில போச்சு."

மேற்கேயிருந்து ஒரு பெண் வாரத்துக்கு மூன்று நாள் கீரையும் கத்தரிக்காயும் கொண்டு வருவாளாம். விற்றது போக, சாம்பலும் சாணமும் கொடுக்கிற வீட்டுக்கு ஒரு கை கீரை. வண்டி தெருவுக்குள் வருவதற்கு முன்பே அவள் வந்து போய்விடுவாள். எங்கள் தெருவில் பாதி வீடு அவளுக்குத்தான் கொடுத்தது. என் வீடும் சேர்த்து.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கீரை எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டீகளா? உப்பு பத்தலன்னுதானே கேட்டீக."

திங்கட்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் ஊருணிக்கரைக்குப் போய், ஒளியாமல், மேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வெயில் ஏறத் தொடங்கியபோது அவள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் கூடை நிறையச் சாம்பல். என்னைப் பார்த்ததும் அவள் நடை வேகமாயிற்று.

"யாருய்யா நீ? எங்குப்பைகிட்ட என்ன வேலை?"

"நான் பஞ்சாயத்து மேஸ்திரி…"

"நீதானா அது! எச்சி எலையைக் கொண்டாந்து எங்குப்பைக்குள்ள சொருகுறவன்?" கூடையை இறக்கினாள். முள்ளை ஒரு குச்சியால் விலக்கிக் காட்டினாள். பின்பக்கத்தில், சாணத்துக்கு அடியில், ஓட்டல் இலைகள். புளித்த வாடை அடித்தது. "வாரத்துக்கு ரெண்டு வாட்டி இதைப் பொறுக்கி எறிஞ்சே எங்கை நாறுது. கல்லு வச்சுருக்கேன், கண்ணு தெரியல? வயலுக்குப் போற உரத்துல எச்சியக் கலக்குவியா நீ?"

இத்தனை நாளும் நான் கள்ளனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்னைத்தான் கள்ளனாக வைத்திருந்தாள். நான் இல்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. நம்புவதற்கு நான் எந்தக் காரணமும் வைத்திருக்கவில்லை.

"அக்கா, அது நான் இல்ல. ஆனா இந்த எடத்துல நீங்க போடக் கூடாது."

"ஏன், உங்க அப்பன் வீட்டு எடமா? பொறம்போக்கு. ஊருணிக் கரைக்கு வெளிய, வண்டித்தடத்து ஓரமாத்தான் போட்டுருக்கேன். எங்க வண்டி வந்து அள்ளுறதுக்குத் தோதான எடம். உத்தரகோசமங்கைக்கு அங்கிட்டு எங்க ஊரு. மழைக்கு முந்தி உழவுக்குக் கொண்டு போயிருவோம்."

"அது வண்டித்தடம் இல்ல, அக்கா. வரத்துக்கால்."

அவள் சிரிக்கப் போனாள். பிறகு திரும்பி மேற்கே பார்த்தாள். தடம் போகிற போக்கைக் கண்ணால் பிடித்துக்கொண்டே வந்து, ஊருணி மடையில் நிறுத்தினாள். குனிந்து, விரலால் மண்ணைக் கீறினாள். மேல் தூசிக்கு அடியில் வண்டல் இருந்தது. சம்சாரிக்கு வண்டலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அடியாத்தே!" வாயில் கையை வைத்துக்கொண்டாள். "தண்ணி வார வாய்க்காலுலயா போட்டேன்? ஊரு குடிக்கிற தண்ணியிலயா?" கொஞ்ச நேரம் முன்னால் என்னை அடிக்க வந்த அதே முகம். "ரெண்டு வருசமாத் தண்ணி வராததுனால கண்ணு மறந்துபோச்சுய்யா. எங்க ஊருல எவளாவது இப்புடிப் போட்டா நான் அவளைச் சும்மா விட மாட்டேன்."

முதலில் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் மற்றதெல்லாம்.

மறுநாளே அவள் ஊரிலிருந்து மூன்று வண்டிகள் வந்தன. மேட்டை அள்ளியதோடு நிற்கவில்லை. வாய்க்கால் தரையை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி அந்த மண்ணையும் கொண்டு போனார்கள். எச்சில் இலைகளை மட்டும் தனியாகக் குவித்துவிட்டு, "இது உங்க ஊருது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குள் நான் வண்டிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓட்டல்காரரின் தங்கை மகன் தலைவர் வீட்டு வாசலில் காத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஓடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டிக்காரர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கயிறு சுற்றிய என் மரத்தைப் பற்றிச் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை தடுமாறியது.

"கயிறுன்னு முன்னாலயே சொல்லியிருந்தீகன்னா எனக்கும் புரிஞ்சிருக்கும்" என்றார். "நான் கல்லுன்னு சொன்னேன், நீங்க கள்ளன்னு பாத்தீக." சிரிக்கவில்லை.

"தலைவர்கிட்ட நான் பேசிட்டேன். வண்டியைப் பூட்டுங்கண்ணே."

அவர் வைக்கோலை முழுவதும் போட்டு முடித்த பிறகுதான் பூட்டினார்.

ஐப்பசியில் மழை வந்தது. வரத்துக்கால் செம்மண் நிறத்தில் ஓடி ஊருணி நிரம்பியது. அவ்வருஷம் எங்கள் தெருவில் வாந்திபேதி இல்லை. கீரைக்காரிக்குக் கிடங்கின் ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். சாம்பலும் சாணமும் அவள் எடுத்துப் போனது போக மற்றது வண்டிக்கு. வண்டி பாதிதான் வரும், வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழை விட்ட ஒரு காலையில் ஓட்டலுக்குப் பின்புறம் போனோம். எச்சில் இலை மலைபோல் குவிந்து கிடந்தது. அதன் உச்சியில், வாகாக, ஒரு கல்.

நான் நின்றுவிட்டேன். வண்டிக்காரர் கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. இது ஆளுள்ள குப்பையா?"

பின்வாசலில் ஓட்டல்காரர் தலை தெரிந்தது. "அடடே, யாரு போட்டாகளோ தெரியலையே! கல்லு வேற வச்சிருக்காக. தொடலாமோ, கூடாதோ!"

கல்லை நானே எடுத்தேன். கொண்டுபோய் அவர் காபி பாய்லர் மேடையில் வைத்தேன். "உங்க கல்லு மாதிரி இருக்கு. பத்திரமா வச்சுக்கிடுங்க." அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, தன்னுடையது இல்லை என்று சொல்லவும் இல்லை. பழைய மேட்டில் இலையைச் சொருகியது அவர்தானா என்று இன்றுவரை எனக்குச் சாட்சி இல்லை. அந்த ஓட்டலில் அப்புறம் நான் காபி குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கிடங்கில் வண்டிக்காரர் இலையைக் கவிழ்த்துவிட்டு, தட்டியை இரண்டு தட்டு தட்டி, வண்டியை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். திரும்பி வந்த முதல் நாளிலிருந்து அப்படித்தான். "பாத்துக்கிடுங்க, மேஸ்திரி."

"எதுக்குண்ணே இதெல்லாம்? நான் கேட்டேனா?"

"நீங்க கேக்கல" என்றார், மாட்டைத் திருப்பிக்கொண்டே. "நாளைக்கு எவனாவது காபி வாங்கிக் குடுப்பான்ல?"

குனிந்து வெறும் வண்டிக்குள் பார்த்தேன். நான் அந்த ஊரைவிட்டுப் போகிற வரைக்கும் தினமும் பார்த்தேன்.